நீல மணியில் இருப்பது யார்? திண்மத் தாங்கிகளில் உருவான சேர்ம நூலகங்களைப் படிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நுண்ணோக்கியின் கீழே ஒரு தட்டு. அதில் பல்லாயிரம் பிசின் மணிகள், ஒவ்வொன்றும் மணல் துகளை ஒத்த அளவு. எல்லாம் நிறமற்றுக் கிடக்க, நடுவில் ஒன்று மட்டும் அடர்நீலமாக நிற்கிறது. உங்கள் இலக்குப் புரதம் அதில் ஒட்டியிருக்கிறது என்று பொருள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மணியின் மீது இருக்கும் சேர்மம் எது? இலட்சக்கணக்கான சேர்மங்களை ஒரே கலவையாகச் செய்தீர்கள்; இப்படிப்பட்ட தொகுதியைத்தான் நூலகம் என்கிறோம். எந்த மணியின் மீதும் பெயர் எழுதி ஒட்டவில்லை.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியை நீல மணி கிடைத்த பிறகுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அப்போது கேட்டால் காலம் கடந்துவிட்டது. மணியைப் படிக்கும் வழியை முதல் கிராம் பிசினை எடைபோடுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இணைப்பி (சேர்மத்தை மணியோடு பிணைக்கும் பகுதி), கட்டுமான அலகுகள், மணியின் அளவு ஆகிய மூன்றும் அந்த முடிவைப் பொறுத்தே அமையும்.

மணிக்கு ஒரு சேர்மம் வருவது எப்படி

பெப்டைடுகளை, அதாவது அமினோ அமிலச் சங்கிலிகளை, பிசினில் பொருத்தி வளர்க்கும் முறையை மெரிஃபீல்டு 1963-இல் வெளியிட்டார். 1984-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். வளரும் மூலக்கூறு மணியோடு பிணைந்திருப்பதால், மிஞ்சிய வினைபொருள்களைக் கழுவி வடித்துவிடலாம். இதன் மீது ஹங்கேரியின் ஆர்பாத் ஃபூர்க்கா 1982-இல் எழுதி வைத்த எளிய யோசனைதான் நூலகத்தைச் சாத்தியமாக்கியது. மணிகளைச் சம பங்குகளாகப் பிரியுங்கள், ஒவ்வொரு பங்கிலும் வேறொரு அலகைச் சேருங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மறுபடி பிரியுங்கள். பிரித்தல், சேர்த்தல், கலத்தல்: அவ்வளவே.

எந்த ஒரு மணியும் ஒரு சுற்றில் ஒரே ஒரு கலனுக்குள்தான் போகிறது. ஆகவே அந்த மணியில் உள்ள சங்கிலிகள் அனைத்துக்கும் அந்தச் சுற்றில் ஒரே அலகுதான் கிடைக்கும். 18 அமினோ அமிலங்களை வைத்து ஐந்து சுற்று செய்தால் 18,89,568 பெப்டைடுகள். சுற்றுகள் ஐந்து, வினைக்கலன்கள் பதினெட்டு. ஓரிரு வாரத்தில் முடியும் வேலை.

இப்போது கணக்கு. 90 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள டென்டாஜெல் என்னும் பிசின் மணிகள் ஒரு கிராமில் ஏறத்தாழ 28 இலட்சம் இருக்கும். ஒரு மணியில் சுமார் 100 பிக்கோமோல் சேர்மம் இருக்கும். மூலக்கூறு நிறை 1000 என்று வைத்தால் இது 0.1 மைக்ரோகிராம். வழக்கமான அணுக்கரு காந்த ஒத்ததிர்வுச் சோதனைக்கு இது போதாது. மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறைமாலைமானிக்கோ இது தாராளம். அதற்கு ஃபெம்டோமோல் அளவே போதும். இந்தத் துறையில் நிறைமாலைமானி ஆட்சி செய்வதன் காரணம் இந்த ஒரே எண்ணில் இருக்கிறது.

இன்னொரு எண்ணையும் மறக்காதீர்கள். சேர்மங்கள் எத்தனையோ அத்தனை மணிகளை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 63 விழுக்காடு சேர்மங்களே இடம்பெறும். மீதி தற்செயலாக விடுபட்டுப் போகும். மூன்று மடங்கு மணிகள் எடுத்தால் 95 விழுக்காடு. மேலே சொன்ன நூலகத்துக்கு இரண்டு கிராம் பிசின் என்பது இப்படி வந்த கணக்கு.

முதல் படி: படிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

வழிகள் மூன்று குடும்பங்கள். முதலாவது, மணியைப் படிக்காமலே விடை காண்பது. ஹௌட்டன் குழு 1991-இல் ஆறு அமினோ அமிலப் பெப்டைடு நூலகத்தை 324 தொகுப்புகளாகச் செய்தது. ஒவ்வொரு தொகுப்பிலும் முதல் இரண்டு இடங்கள் நிலையானவை, மற்ற நான்கும் கலவை. சிறந்த தொகுப்பைக் கண்டுபிடித்து, அடுத்த இடத்தை நிலையாக்கிப் புதிதாகச் செய்து, மறுபடி சோதித்து, இடம் இடமாக முடிவை நெருங்குவார்கள். கருவி அதிகம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. ஒவ்வொரு கட்டத்திலும் மறுதொகுப்பு செய்ய வேண்டும் என்பதோடு, சுமாரான பல சேர்மங்கள் ஒன்றாகக் கூடி, உண்மையான சிறந்த ஒன்றை மறைத்துவிடவும் கூடும்.

இரண்டாவது, மணியில் அடையாளம் பொறிப்பது. ஒவ்வொரு சுற்றிலும் அலகைச் சேர்க்கும்போதே அந்த அலகுக்குரிய குறி மூலக்கூறு ஒன்றையும் சிறிதளவு மணியில் பிணைத்துவிடுகிறோம். இவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது 1993-இல் ஓல்மேயரும் ஸ்டில்லும் அவர்கள் குழுவினரும் செய்தது. ஆலசன் ஏறிய அரோமாட்டிக் குறிகள் 18. ஒவ்வொன்றும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்ற இருநிலை எண்ணாகிறது. ஒரு சுற்றுக்கு மூன்று குறிகள் ஒதுக்கினால், எதுவுமே இல்லாத நிலையை விலக்கி, ஏழு அலகுகளைக் குறிக்கலாம். ஆறு சுற்றுகளில் 7-ஐ ஆறு முறை பெருக்க 1,17,649 பெப்டைடுகள். ஒளியால் குறிகளை வெட்டியெடுத்து, எலக்ட்ரான் கவர்வு உணரி பொருத்திய வாயு நிறப்பகுப்பியில் செலுத்தினால், உச்சிகளின் வரிசையே விடை. சேர்மம் பெப்டைடாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதுதான் இதன் பலம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் வினை ஒன்று சேர்கிறது.

குறியாக டி.என்.ஏ.வையே பயன்படுத்தலாம் என்று பிரென்னரும் லெர்னரும் 1992-இல் முன்மொழிந்தார்கள். பி.சி.ஆர். கொண்டு பெருக்கிப் படிக்க முடிவதால் கடுகளவும் தேவையில்லை, இன்று டி.என்.ஏ. குறியிட்ட நூலகங்கள் பெருமளவு கரைசலிலேயே வளர்ந்துவிட்டன. விலை என்னவென்றால், உங்கள் வேதிவினைகள் எல்லாம் டி.என்.ஏ.வுக்கு இணக்கமாக இருக்க வேண்டும். கடும் அமிலம் பட்டால் பியூரின் காரங்கள் கழன்றுவிடும். ரேடியோ அலைச் சில்லைப் பிசினோடு சிறு கூட்டில் அடைத்து, ஒவ்வொரு கூட்டையும் அடையாளம் கண்டு அடுத்த கலனுக்கு அனுப்பும் முறையும் 1995-இல் வந்தது. சில ஆயிரம் சேர்மங்கள், ஒவ்வொன்றும் மில்லிகிராம் கணக்கில் வேண்டுமென்றால் அது நல்ல வழி, இலட்சங்களுக்கு உதவாது.

மூன்றாவது, சேர்மத்தையே படிப்பது. நேரான பெப்டைடு என்றால் எட்மன் 1950-இல் தந்த சிதைவு முறை இருக்கிறது: முனையிலிருந்து ஓர் அமினோ அமிலத்தைக் கழற்றி அடையாளம் காண், பிறகு அடுத்ததைக் கழற்று. நம்பகமானது, ஆனால் மெதுவானது. முனை அமீன் அடைபட்டிருந்தாலோ பெப்டைடு வளையமாக இருந்தாலோ கைவிரித்துவிடும். இதன் நிறைமாலை வடிவமான ஏணி முறையைத்தான் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்கிறேன். கட்டுரையின் மீதிப் பகுதி அதைப் பற்றியது.

ஏணி என்றால்

முழுச் சங்கிலியின் நிறையை மட்டும் அளந்தால் என்னென்ன அலகுகள் இருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம்; வரிசை தெரியாது. ஒரே மணியில் முழுச் சங்கிலி, ஓர் அலகு குறைந்தது, இரண்டு குறைந்தது என எல்லா நீளங்களும் சிறிது சிறிது இருந்துவிட்டால், அடுத்தடுத்த உச்சிகளின் இடைவெளி ஒவ்வோர் அலகின் நிறையைச் சொல்லிவிடும். இடைவெளிகளை வரிசையாகப் படித்தால் அதுவே பெப்டைடு.

இந்த ஏணியை உண்டாக்க இரண்டு வழிகள் உண்டு. தொகுப்பின்போதே ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு பங்குச் சங்கிலிகளின் முனையை அடைத்து, அதாவது மூடி போட்டு, நிறுத்திவிடுவது ஒன்று. எளிது, ஆனால் மூடிய குறைச்சங்கிலிகளும் சலித்தெடுப்பின்போது (இலக்குப் புரதத்தில் ஒட்டும் மணிகளைத் தேடிப் பொறுக்கும் போது) மணியில் இருக்கும். மற்றது பகுதி எட்மன் சிதைவு: நீல மணிகளைப் பொறுக்கிய பிறகு, பினைல் ஐசோதயோசயனேட்டோடு கொஞ்சம் மூடிப் பொருளையும் கலந்து வினைபுரியச் செய்வது. சிறு பங்குச் சங்கிலிகள் மூடப்பட்டு அங்கேயே நிற்கும். மற்றவை டிரைஃபுளூரோ அசிட்டிக் அமிலத்தில் ஓர் அலகை இழக்கும். பொறுக்கிய மணிகள் அறுபதாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே குப்பியில் வைத்து ஏணியாக்கலாம். மூடிக்கும் ஐசோதயோசயனேட்டுக்கும் உள்ள விகிதம்தான் கைப்பக்குவம். மூடி அதிகமானால் மேல்படிகள் மட்டும் தெரியும், குறைந்தால் கீழ்ப்படிகளில் எல்லாம் குவிந்துவிடும்.

இரண்டாம் படி: அலகுகளையும் இணைப்பியையும் நிறை பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

லியூசினும் ஐசோலியூசினும் அணு அணுவாக ஒரே நிறை, 113.08 (இங்கே தரும் நிறைகள் எல்லாம் சங்கிலியில் சேர்ந்த பின் உள்ளவை, டால்டனில்). எந்தத் துல்லியமான கருவியாலும் நிறையை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. குளூட்டமின் 128.06, லைசின் 128.09, 0.04-க்கும் குறைந்த வேறுபாடு. அலகுப் பட்டியலை ஒரு தாளில் நிறை வரிசையில் எழுதிப் பாருங்கள். 0.1-க்குள் நெருங்கும் இணைகள் கண்ணில் பட்டால் ஒன்றை நீக்குங்கள், அல்லது வேறு நிறையுள்ள ஒன்றால் மாற்றுங்கள். இரண்டும் வேண்டுமானால் ஒரு தந்திரம் இருக்கிறது: இணையில் ஒன்றைச் சேர்க்கும் கலனில் மட்டும் 5 விழுக்காடு டியூட்டிரிய அசிட்டிக் அமிலத்தைக் கலந்துவிடுங்கள். அந்தச் சிறு பங்குச் சங்கிலிகள் அங்கேயே நின்று, நிறைமாலையில் தனி உச்சியாகத் தலைகாட்டும். உச்சி இருந்தால் லியூசின், இல்லையென்றால் ஐசோலியூசின். அடுத்தடுத்த இரண்டு அலகுகளின் கூட்டும் சில நேரம் ஏமாற்றும்: கிளைசின் இரண்டு சேர்ந்தால் 114.04, அஸ்பராஜினும் 114.04. ஒரு படி மங்கிப்போனால் இங்கேதான் சறுக்குவோம்.

அடுத்து இணைப்பி. சலித்தெடுப்பு முழுக்க மணியோடு உறுதியாக நிற்க வேண்டும், பக்கச் சங்கிலிகளைத் தொகுப்பின்போது மறைத்து வைக்கும் காப்புகளை நீக்கும் கடும் அமிலத்தையும் தாங்க வேண்டும், பிறகு நாம் சொன்ன நேரத்தில் மட்டும் அறுந்து வர வேண்டும். மெத்தியோனினை மணிக்கு அருகில் வைத்தால் சயனோஜென் புரோமைடு அந்த இடத்தில் வெட்டும். அதற்கு மேலே ஓர் ஆர்ஜினின் வையுங்கள். அயனியாவதற்கு அதைப் போல் உதவுவது வேறில்லை. அதற்கும் மேலே இரண்டு பீட்டா-அலனின். இவை வெறும் இடைவெளி நிரப்பிகள் அல்ல. நிறைமாலையில் 500-க்குக் கீழே மாட்ரிக்ஸின் (அளப்பதற்காகச் சேர்மத்தோடு கலக்கும் துணைப்பொருளின்) சொந்த உச்சிகள் காடாக மண்டிக் கிடக்கும். இந்தச் சிறு வால் உங்கள் ஏணியின் கடைசிப் படியையும் அந்தக் காட்டுக்கு மேலே தூக்கி நிறுத்துகிறது. எட்மன் சிதைவு பீட்டா-அலனினைக் கழற்றாது என்பதால் ஏணி அங்கேயே நின்றுவிடும் என்பது கூடுதல் ஆதாயம்.

இந்த இணைப்பியை ஏற்றால் நூலகத்தில் மெத்தியோனின் அலகாக இடம்பெறக் கூடாது, சொல்லத் தேவையில்லை. அதற்குப் பதிலாக நார்லியூசின் வைப்பது வழக்கம். கவனம், அதன் நிறையும் 113.08.

மூன்றாம் படி: தெரிந்த மணியைக் கொண்டு ஒத்திகை

இதைத் தவிர்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. தயவுசெய்து தவிர்க்காதீர்கள். நூலகத்தைக் கலப்பதற்கு முன், வரிசை தெரிந்த ஒரே பெப்டைடைக் கொஞ்சம் மணிகளில் செய்து, பத்து மணிகளைத் தனித்தனியாக எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பாருங்கள். பத்தில் குறைந்தது எட்டு மணிகள் சரியாக வராவிட்டால் நூலகத்தைத் தொடங்காதீர்கள். மூடி விகிதத்தைச் சீர்செய்வது, வெட்டும் நேரத்தைச் சரிபார்ப்பது எல்லாம் இங்கேதான். நூலகம் முடிந்த பிறகும், சலித்தெடுப்புக்கு முன், கண்ணை மூடிக்கொண்டு இருபது மணிகளை எடுத்துப் படியுங்கள். ஏதாவது ஒரு சுற்றில் ஓர் அலகு சரியாகச் சேராமல் போயிருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

நான்காம் படி: சலித்தெடுப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயோட்டின் ஏற்றிய இலக்குப் புரதம், அதைப் பிடிக்க ஸ்ட்ரெப்டாவிடினோடு இணைத்த ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், அது தொட்டால் நீலமாகும் நிறப்பொருள். இலக்குப் புரதம் இல்லாமல், மற்ற எல்லாப் பொருள்களோடும் நூலகத்தை முதலில் ஒருமுறை ஊறவையுங்கள். நீலமாகும் மணிகளைத் தூக்கி எறியுங்கள். பிறகுதான் இலக்கைச் சேர்க்க வேண்டும். ஒளிர்வு முறையை நாடுபவர்கள் பச்சை நிறத்தைத் தவிருங்கள். இவ்வகை மணிகள் தாமாகவே பச்சைப் பகுதியில் ஒளிரும். சிவப்புப் பகுதி பாதுகாப்பானது.

முன்சலிப்பை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது கீழே, எண்களோடு வரும்.

ஐந்தாம் படி: மணியிலிருந்து நிறைமாலைவரை

நீல மணிகளை நுனி மெல்லிய பிப்பெட்டால் கொஞ்சம் நீரோடு உறிஞ்சி எடுங்கள். உலர்ந்த மணியைத் தொடாதீர்கள். நிலைமின்னூட்டத்தால் துள்ளி எங்கோ போய் ஒட்டிக்கொள்ளும், தேடினாலும் கிடைக்காது. ஒட்டியிருக்கும் புரதத்தை 8 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் ஊறவைத்து அகற்றி, நீரில் பலமுறை கழுவுங்கள். பிறகு பகுதி எட்மன் சுற்றுகள்: நேரம் சில நிமிடங்கள், கழுவல், அமிலம், கழுவல், மறுபடி முதலிலிருந்து. ஐந்து அலகுக்கு ஐந்து சுற்றுகள், இறுதியில் எஞ்சிய முனைகளுக்கெல்லாம் மூடி.

சயனோஜென் புரோமைடு ஆவியாகும் கொடிய நஞ்சு. புகைப்போக்கிக் கூண்டுக்கு வெளியே அதன் மூடியைத் திறக்கவே கூடாது. கழிவைக் காரச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் செயலிழக்கச் செய்த பிறகே அகற்ற வேண்டும், அதுவும் உங்கள் ஆய்வகத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரின் வழிமுறைப்படி. முதன்முறை செய்பவர் பழகிய ஒருவரை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மணியும் தனிக்குழாயில், 70 விழுக்காடு டிரைஃபுளூரோ அசிட்டிக் அமிலத்தில், இருட்டில், ஓர் இரவு. மறுநாள் உலர்த்தி, சில மைக்ரோலிட்டரில் கரைத்து, ஆல்ஃபா-சயனோ-4-ஹைட்ராக்சி சின்னமிக் அமில மாட்ரிக்ஸோடு கலந்து மால்டி (லேசரால் அயனியாக்கும் நிறைமாலைமானி) தட்டில் துளியாக வையுங்கள்.

எதுவுமே வராத மணி என்றால், மெத்தியோனின் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கலாம். சல்பாக்சைடாக மாறிய மெத்தியோனினைச் சயனோஜென் புரோமைடு வெட்டாது. பழைய நூலகங்களில் இது அடிக்கடி நடக்கும். வெட்டுவதற்கு முன் அமிலத்தில் அம்மோனியம் அயோடைடும் டைமெத்தில் சல்ஃபைடும் சேர்த்து ஒடுக்கிவிட்டால் சரியாகும்.

ஆறாம் படி: ஏணியைப் படித்தல்

நிகோடினாயில் மூடியும் மேலே சொன்ன இணைப்பியும் கொண்ட ஒரு மணியின் உச்சிகள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 1200.57, 1014.49, 877.43, 780.38, 652.32, 505.25.

கீழிருந்து தொடங்குங்கள். மூடி, இரண்டு பீட்டா-அலனின், ஆர்ஜினின், வெட்டுண்ட மெத்தியோனினிலிருந்து எஞ்சும் ஹோமோசெரின் லாக்டோன், ஒரு புரோட்டான்: கூட்டினால் 505.25. எல்லா மணிகளுக்கும் பொதுவான நங்கூரம் இது. இது தெரிந்தால் ஏணி முழுமையாக இருக்கிறது என்று நம்பலாம். இனி மேலிருந்து கழியுங்கள். 1200.57-க்கும் 1014.49-க்கும் இடையே 186.08, டிரிப்டோஃபான். அடுத்தது 137.06, ஹிஸ்டிடின். பிறகு 97.05, புரோலின். பிறகு 128.06, குளூட்டமின். கடைசியாக 147.07, பினைல் அலனின்.

அந்த 128-இல் ஒரு நிமிடம் நில்லுங்கள். லைசினாக இருந்தால் 128.09. இந்த நிறையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 46 பங்கு. நன்றாக அளவுதிருத்தம் செய்த கருவியில் பிரித்துப் பார்க்கலாம். அவசரத்தில் செய்த அளவீட்டில் முடியாது. 505.25 எல்லா மணிகளிலும் இருப்பதால் அதையே உள் அளவுகோலாகப் பயன்படுத்துங்கள்.

உண்மையான நிறைமாலை இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஒவ்வோர் உச்சிக்கும் 21.98 மேலே ஒரு குட்டி தெரிந்தால் அது சோடியம், 37.96 மேலே என்றால் பொட்டாசியம். இரண்டையும் பொருட்படுத்த வேண்டாம். 15.99 மேலே என்றால் ஆக்சிஜன், பெரும்பாலும் டிரிப்டோஃபானில் ஏறியது. 56.06 மேலே என்றால் டெர்ட்-பியூட்டைல் காப்பு முழுதாக நீங்கவில்லை. இது ஒரு மணியின் குறையல்ல, உங்கள் காப்புநீக்கப் படியின் குறை. உச்சிகளை உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், இடைவெளியை வைத்துத் தேர்ந்தெடுங்கள். உயரமான உச்சி முக்கியமானது என்ற எண்ணம்தான் புதியவர்களை அதிகம் வழிதவறச் செய்கிறது.

ஆக, நம் மணி: டிரிப்டோஃபான், ஹிஸ்டிடின், புரோலின், குளூட்டமின், பினைல் அலனின். நடுவில் உள்ள மூன்றைப் பாருங்கள். ஹிஸ்டிடின்-புரோலின்-குளூட்டமின் என்ற வரிசை ஸ்ட்ரெப்டாவிடினோடு ஒட்டும் என்று லாம் குழுவினர் 1991-இலேயே, மணிக்கு ஒரு சேர்மம் என்ற முறையை அறிமுகப்படுத்திய அதே ஆய்வில், காட்டிவிட்டார்கள். இந்த மணி உங்கள் இலக்குப் புரதத்தைப் பிடிக்கவில்லை. நிறம் காட்டுவதற்காக நீங்கள் ஊற்றிய ஸ்ட்ரெப்டாவிடினையே பிடித்துக்கொண்டு நீலமாகியிருக்கிறது. நான் முதன்முதலாகத் தவறின்றிப் படித்த மணி இப்படிப்பட்டதுதான். இரண்டு நாள் கொண்டாடினேன். முன்சலிப்பு செய்திருந்தால் அது தட்டிலேயே இருந்திருக்காது.

ஏழாம் படி: மறுதொகுப்பு

படித்த வரிசையைத் தனியாகச் செய்து, தூய்மையாக்கி, கரைசலில் இலக்குப் புரதத்தோடு சோதியுங்கள். மணியின் பரப்பில் சேர்மங்கள் அடர்ந்து நிற்பதால், பலவீனமான பிணைப்புகள் பல சேர்ந்து ஒரு வலுவான பிணைப்புபோலத் தோன்றும். கரைசலுக்கு வந்ததும் அவற்றில் பல மறைந்துவிடும். ஒரே வரிசை, அல்லது ஒரே குடும்பச் சாயலுள்ள வரிசைகள், இரண்டு மூன்று மணிகளில் திரும்ப வந்திருந்தால் அவற்றை முதலில் செய்யுங்கள். லியூசினா ஐசோலியூசினா என்ற ஐயம் தீராத இடத்தில் இரண்டையும் செய்யுங்கள். வாதிட்டு நேரத்தை வீணாக்குவதைவிட அது மலிவு. கூடவே, அதே அலகுகளை வரிசை மாற்றிய ஒரு பெப்டைடையும் ஒப்பீட்டுக்குச் செய்யுங்கள். அதுவும் சம அளவில் ஒட்டினால், உங்கள் சேர்மம் வரிசையால் அல்ல, வெறும் பிசுபிசுப்பால் ஒட்டுகிறது.

ஒவ்வொரு மணியின் மூல நிறைமாலைக் கோப்பையும், எந்தத் தட்டில் எந்தத் துளி என்ற குறிப்பையும் சேமித்து வையுங்கள். கரைத்த சேர்மத்தில் மிஞ்சியதைக் குழாயிலேயே உறையவைத்தால், ஆறு மாதம் கழித்து ஐயம் வந்தாலும் அதே மணியை மறுபடி அளந்து பார்க்கலாம்.